நாற்பத்தொரு வீடுகளும் ஏழு கிடார்களும்

டவரடியில் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. மின்சார அலுவலகத்தின் காகிதங்களில் அங்கே ஒரு வீடும் இல்லை. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்பட ஆலைகள் கொட்டிய கரிமணல் மேட்டைக் கையால் நிரவி, தகரமும் ஹாலோபிளாக்கும் வைத்துப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகள் அவை. கூரைகளுக்கு நேர் மேலே, காலை அகல விரித்து நிற்கும் இரும்புக் கோபுரத்தைத் தொட்டுக்கொண்டு, ஆறு தடித்த கம்பிகள் மலைப்பக்கமிருந்து வந்து, டவரடியைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, நீச்சல்குளம் வைத்த அடுக்குமாடிகளுக்கும் செயற்கை அலை அடிக்கும் விளையாட்டுப் பூங்காவுக்கும் போயின. அந்தக் கம்பிகள் எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கும். தூறல் விழுந்தால் துணி காயப்போடும் கொடிக்கம்பி விரலைச் சுள்ளென்று கடிக்கும். செத்துப்போன ட்யூப்லைட்டை வெட்டவெளியில் தூக்கிப் பிடித்தால் அது நீர்மோர் நிறத்தில் அசட்டு வெளிச்சம் காட்டும். ஆனால் அந்த நாற்பத்தொரு வீட்டில் எந்த வீட்டிலும் ஒரு பல்பு எரிந்ததில்லை.

அங்கே அமலோற்பவம் என்று ஒருத்தி இருந்தாள். முப்பத்தெட்டு வயது. பள்ளத்தோட்டத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருபது வருஷமாக, கருகிப்போன பம்ப்செட்டுகளின் வயிற்றைப் பிளந்து, எரிந்த செம்புக்கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றுகிறவள். அவள் புருஷன் சகாயநாதன் வார்ப்பட ஆலையில் மர அச்சு செதுக்கியவன். அந்த ஆலையின் மணல்தூள் அவன் நுரையீரலில் குடியேறிவிட்டதால், காலையும் மாலையும் மருந்தைப் புகையாக்கித் தரும் சின்ன மிஷினை மூக்கில் வைத்து மூச்சு வாங்க வேண்டியவன். மிஷினைப் பெரியாஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அதன் பிளக்கைச் செருக டவரடியில் ஓட்டை இல்லை. அதனால் காலையில் கடைக்குப் போகும்போது அமலோற்பவம் ஒரு கையில் மிஷினையும் மறுகையில் புருஷனையும் பிடித்துக்கொண்டு போவாள், மாலையில் மறுபடி போவாள்.

பதினோராவது மனுவைக் கொடுக்க அவள் பிரிவு அலுவலகத்துக்குப் போனபோது, உதவிப் பொறியாளர் தண்டபாணி அதை வாங்கி, படிக்காமலே கேட்டார்.

"லோடு என்னம்மா?"

"ஒரு லைட்டு, ஒரு ஃபேனு, எங்க வீட்டுக்காரருக்கு மருந்துப்புகை மிஷினுங்க."

"லைட்டு இருக்குதா வீட்டுல?"

"கரண்டு இல்லாம லைட்டு எதுக்குங்க வாங்கி வெக்கறது?"

"ஃபேனு?"

"இல்லீங்க."

"அப்ப லோடே இல்லியே. அங்க வீடே இல்லீன்னு சர்வேல இருக்குது. இல்லாத வீட்டுல இல்லாத சாமானுக்கு நான் எங்கிருந்தும்மா கரண்டு குடுக்கறது?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அதைவிட, பக்கத்து மேஜை கிளார்க் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்ததுதான் அமலோற்பவத்துக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவள் பஸ் ஏறவில்லை. அவளுடைய கோபம் உட்கார்ந்து வருகிற அளவில் இல்லை. ஏழு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நம்ம வீட்டுல ஒரு கரண்டு சாமான் இருந்தே ஆவணும்" என்றாள்.

"என்ன சாமான்?" என்று கேட்டான் சகாயநாதன்.

"கிடாரு."

கன்னியாஸ்திரிகளின் விடுதியில் படித்த காலத்தில், ஜெபக்கூட்டத்துக்கு வாசிக்கும் மரக்கிடாரை அவள் ஐந்து வருஷம் வாசித்திருக்கிறாள். அதே அறையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிடாரும் இருந்தது. இலவசமாகத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்று விதி. ஐந்து வருஷமும் அவள் அதைத் துடைத்திருக்கிறாள், ஒருநாளும் மீட்டியதில்லை. மிக்சி செய்ய அவளுக்குத் தெரியாது, டிவி செய்யத் தெரியாது. ஆனால் எலக்ட்ரிக் கிடார் என்பது மரமும் தந்தியும் காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும்தான். மரம் சகாயநாதனுக்குத் தெரியும், சுருள் அவளுக்குத் தெரியும்.

ஆலை வாசலில் தூக்கிப்போட்டிருந்த பழைய தேக்கு அச்சு ஒன்றை எடுத்துவந்து, இருமிக்கொண்டே சகாயநாதன் உடம்பைச் செதுக்கினான். தந்தி வாங்கப் போன இசைக்கருவிக் கடையில் குணபாலன் என்ற கடைக்காரர் அவளுக்கு இரண்டு தினுசு பிக்கப்புகளைக் காட்டினார். தந்தியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தச் சுருளுக்கு அதுதான் பேர்.

"இது ஒத்தைச் சுருளுங்க. சத்தம் பளிச்சுன்னு மணி மாதிரி வரும். ஆனா சுத்துப்பட்டுல எங்க கரண்டு ஓடுனாலும் அந்த முனகலையும் சேத்துப் புடிச்சுக்கும். இது ரெட்டைச் சுருளு. ஒண்ணை வலமாவும் ஒண்ணை இடமாவும் சுத்தி, காந்தத்தையும் தலைகீழா மாத்தி வெச்சிருப்பாங்க. வெளிய இருந்து வர்ற முனகல் ரெண்டுலயும் நுழைஞ்சு ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு செத்துரும். தந்தியோட சத்தம் மட்டுந்தான் மிஞ்சும். கொஞ்சம் மொத்தையா இருக்கும், அவ்வளவுதான்."

அமலோற்பவம் இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். சுற்று தளர்ந்திருந்தது. இந்த வேலையை அவள் கடையில் செய்திருந்தால் முதலாளி கம்பியை மூஞ்சியில் எறிந்திருப்பார். "நானே சுத்திக்கறனுங்க" என்று தந்திகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தம் எடுத்தாள். தலைமயிரைவிட மெல்லிய செம்புக்கம்பியை, கைப்பிடி போட்ட பழைய தையல் மிஷினில் மாட்டி, எட்டாயிரம் சுற்று சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வசவு என்று, பத்தொன்பது வருஷத்துப் பதில்கள் ஒவ்வொன்றையும் பேர் சொல்லி, அந்தக் கிளார்க்கின் சிரிப்பைத் தனியாக நானூறு தடவை திட்டி, கம்பி அறாமல் கை தளராமல் சுற்றி முடித்தாள். அப்படி மூன்று ஒற்றைச் சுருள்களைச் செய்து கிடாரில் பதித்தாள்.

மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் வேலை முடிந்ததும் சுருளின் இரண்டு நுனியையும் ஒரு பல்போடு சேர்த்துப் பார்ப்பார்கள். கம்பி எங்கேயாவது அறுந்திருந்தால் பல்பு எரியாது. அந்தப் பழக்கத்தில், இதற்குக் கரண்டு இல்லை என்ற நினைப்பே இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த காலைநேரத்தில் அமலோற்பவம் கிடாரின் இரண்டு கம்பிகளைக் கடையிலிருந்து கொண்டுவந்த பல்பில் முறுக்கிவிட்டு, தந்தியை மீட்டினாள்.

பல்பு எரிந்தது.

சகாயநாதன் பார்த்துவிட்டு, "மூணாவது காயில் கொஞ்சம் வீக்கு. வெளிச்சம் துடிக்குது பாரு" என்றான். அவள் தலையசைத்தாள். பிறகு மருந்து மிஷினை இழுத்து, அதன் பிளக்கில் கம்பியைச் சுற்றி, தடித்த தந்தியை நிதானமாக மீட்டத் தொடங்கினாள். புகை வந்தது. தன் வீட்டுக்குள், தன் பாயில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாக அவன் மருந்து எடுத்துக்கொண்டான். இருபது நிமிஷம் அவள் கை நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு ரங்காத்தாள்தான் முதலில் வந்தாள். ஆறு இட்லிக்கடைகளுக்குக் கையால் மாவு ஆட்டிக் கொடுத்துத் தோள்பட்டை இறங்கிப்போனவள் அவள். எரிகிற பல்பைப் பார்த்தாள், கிடாரைப் பார்த்தாள், கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"இதுல கிரைண்டர் ஓடுமா அமலு?"

ஓடவில்லை, மூன்று சுருளையும் பக்கம்பக்கமாக இணைத்திருந்ததால் வெளிச்சத்துக்குத்தான் போதுமாக இருந்தது. ஒன்றின் வாலில் மற்றொன்றின் தலை என்று வரிசையாக மாற்றிக் கட்டியதும், நாலு வீடு தள்ளியிருந்த பட்டீஸ்வரன் தன் லோடு ஆட்டோவில் எங்கிருந்தோ ஏற்றிவந்த பழைய கிரைண்டர் உறுமிக்கொண்டு சுற்றியது. அப்புறம் ஒரு சுவிட்சு வைத்து, மேலே தள்ளினால் வெளிச்சம், கீழே தள்ளினால் கிரைண்டர் என்றாக்கினாள் அமலோற்பவம். ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டிலிருந்து நாற்பத்தொரு வீட்டுக்கும் வயர் போனது. மெல்லிய தந்தியில் விரலை ஓட்டினால் செல்போன் சீக்கிரம் ஏறும் என்றும், பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகளில் மேஜரைவிட மைனருக்கு ஃபேன் சத்தமில்லாமல் சுற்றும் என்றும், இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் பறைக்கு ஈடாக அடித்து வாசித்தாக வேண்டும் என்றும், டோன் குமிழைக் குறைத்தால் பல்பு மஞ்சளாகித் தூங்கும் குழந்தைக்குக் கண் கூசாது என்றும் டவரடியில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. யார் வீட்டு மிக்சிக்காக யார் வீட்டு டிவி மங்கியது என்று சண்டைகள் வந்தன. அந்தச் சண்டைகளை நாலு பேர் கேட்கிற சத்தத்தில் போடுவதில்கூட ஒரு பெருமை இருந்தது, ஏனென்றால் அது கரண்டு உள்ளவர்கள் போடும் சண்டை.

அமலோற்பவத்தின் விரல்நுனி வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்த அன்றைக்குப் பட்டீஸ்வரன், "ஒராளு கையில நாப்பத்தொரு வீட்டை ஓட்டறது நாயமில்லக்கா, எனக்கும் ரெண்டு கார்டு சொல்லிக் குடுங்க" என்றான். அடுத்த மாதத்தில் ஏழு கிடார்கள் ஆயின. ரங்காத்தாள் ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டு மறுகையால் தன் கிரைண்டருக்குத் தானே வாசித்தாள். யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் தலைக்கு மேலே கரண்டு போய்க்கொண்டிருந்தும் கீழே வராததுதான் அவர்கள் பார்த்ததிலேயே பெரிய அதிசயம்.

அடுக்குமாடியிலிருந்து யாரோ டவரடி வெளிச்சத்தைப் பார்த்துப் புகார் கொடுத்தார்கள். ஒரு மத்தியான வேளையில் தண்டபாணி இரண்டு ஜீப்பில் ஆட்களோடு வந்தார். கொக்கி போட்ட கம்பி எங்கே என்று கூரைமேல் தேடினார்கள், குழி தோண்டித் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் அவர் கையடக்கமான ஒரு சோதனைக் கருவியைக் கிடாரின் கம்பியில் வைத்தார். யாரும் தந்தியைத் தொடாமலே கருவி முனகியது. மேலே ஆறு கம்பிகள் முனகிய அதே முனகல்.

"கேட்டீங்களா? எங்க லைன் கரண்டு உன் காயில்ல ஓடுது. இது திருட்டு."

"உங்க லைன்தானுங்க எங்க தலைமேல முனகுது. நாங்க காதைப் பொத்தாம இருக்கறது திருட்டுங்களா?" என்றாள் அமலோற்பவம்.

ஏழு கிடார்களையும் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். போவதற்கு முன்னால், திருட்டு நோட்டீஸை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டினார்கள். ஒட்ட வேண்டுமென்றால் விலாசம் எழுதியாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண் போட்டார்கள், உள்ளே என்னென்ன மின்சாதனம் இருக்கிறது என்று பட்டியலும் எழுதினார்கள். ஜீப் போனதும் ரங்காத்தாள் தன் கதவின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"டவரடி காலனி, கதவு எண் பதினேழு. அடியே, நம்ம வீட்டுக்கு நம்பர் வந்துருச்சுடீ!"

டவரடி அன்றைக்குத் திருவிழாபோல் ஆனது. சிலர் நோட்டீஸுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், சிலர் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். பட்டீஸ்வரன் விசாரித்துக்கொண்டு வந்து சொன்ன செய்தி அதைவிடப் பெரியதாக இருந்தது: திருட்டை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், முறைப்படுத்துவது என்று ஒரு விதி இருக்கிறதாம், அந்த விதியில் மீட்டரே கொடுத்துவிடுவார்களாம்.

"போட்டுரலாமே அமலு, ஒரு கையெழுத்துதான்" என்றாள் ரங்காத்தாள்.

அமலோற்பவத்தை அரித்தது வேறொன்று. அந்த முனகல் உண்மையிலேயே அவர்களுடைய கரண்டாக இருந்தால்? தெரியாமலேயே எடுத்திருந்தால்? அன்று மாலை கடை பூட்டியிருந்ததால் பட்டீஸ்வரனின் ஆட்டோவில் சகாயநாதனைப் பெட்ரோல் பங்குக்குக் கூட்டிப்போய், அங்கே மேனேஜரைக் கெஞ்சி ஒரு மூலையில் மிஷினை ஓட்டியபோது, முகமூடிக்குள்ளிருந்து அவன் கேட்டான்.

"கையெழுத்துப் போடறதா?"

"நீங்க சொல்லுங்க. மூச்சு உங்களுது."

அவன் வெகுநேரம் புகையை இழுத்தான். "ஆலையில நான் வேலையே பாக்கலீன்னு எழுதிக் குடுத்தானுங்க. மருந்துக்குக் காசு தர்றோம்னாங்கன்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னைக்கும் அந்தக் கை எனக்குக் கூசுது. நீ போடாதே."

அவள் மறுபடி தையல் மிஷினை எடுத்தாள். இந்தத் தடவை இரட்டைச் சுருள். ஒன்று வலமாக, ஒன்று இடமாக. விசாரணைக்கு இருந்த எட்டு நாளும் வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரமெல்லாம் சுற்றினாள். வசவு எதுவும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு மின்சார அலுவலகத்தில் விசாரணை. மேலதிகாரியான செயற்பொறியாளர் வசுமதி நடுவில் உட்கார்ந்திருந்தார். டவரடி மொத்தமும் அந்தக் கூடத்தில் நின்றது. அமலோற்பவம் சீல் வைத்த கிடார்களில் தன்னுடையதைக் கேட்டு வாங்கி, மேஜைமேல் படுக்கவைத்து, மூடியைக் கழற்றி, பழைய சுருள்களை அறுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். சால்டரிங் கம்பியைச் சூடாக்கப் பிளக் பாயிண்டைக் காட்டினார் கிளார்க். "உங்க கரண்டு வேண்டாமுங்க" என்று, கம்பிகளை விரலாலேயே முறுக்கி டேப் சுற்றினாள்.

"இப்ப உங்க கருவியை வையுங்க."

தண்டபாணி வைத்தார். கருவி முனகவில்லை. அவர் அதைத் தட்டினார், ஜன்னலோரம் ஓடும் மின்கம்பிக்குப் பக்கத்தில் கிடாரைக் கொண்டுபோய் வைத்தார், மெயின் போர்டின் மேலேயே சாய்த்தார். கருவி வாயே திறக்கவில்லை.

"உங்க லைன்ல இருந்து ஒரு சொட்டு வந்தாக்கூட வெளிய தள்ளிவிடற சுருளுங்க இது" என்று சொல்லிவிட்டு, பல்பை மாட்டி, அமலோற்பவம் மீட்டினாள். பல்பு எரிந்தது, முன்புபோல் துடிக்காமல், ஆணியடித்ததுபோல் நின்று எரிந்தது. அவள் எட்டு நாளாகத் தூக்கிச் சுமந்த கேள்வி அப்போதுதான் இறங்கியது. கண் நிறைந்துவிட்டது, ஆனால் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

வசுமதி சுருளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "சுத்து சரியா இருக்கு. திருட்டு இல்லை" என்றார்.

தண்டபாணி தலையாட்டி, நாற்பத்தொரு நோட்டீஸையும் ரத்து செய்து முத்திரை குத்தினார். பிறகு அமைதியாகச் சொன்னார். "நோட்டீஸ் ரத்தானா அதுல இருக்கற கதவு நம்பரும் ரத்துங்க மேடம். சர்வேப்படி அங்க வீடு இல்லை."

ரங்காத்தாள்தான் கேட்டாள். "அப்ப திருடின்னு ஒத்துக்கிட்டாத்தான் நாங்க இருக்கறமுங்களா? யோக்கியமா இருந்தா நாங்க இல்லவே இல்லீங்களா?"

"திருடலீன்னு எழுதுங்க, வீடு இருக்குதுன்னும் எழுதுங்க. ரெண்டும் நெசந்தானுங்களே" என்றாள் அமலோற்பவம்.

"ரெண்டையும் சேத்து எழுதறதுக்கு ஃபாரம் இல்லம்மா" என்றார் தண்டபாணி. வசுமதி தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டார்.

திருப்பிக் கொடுத்த ஏழு கிடார்களோடு அவர்கள் வெளியே வந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பட்டீஸ்வரன் ஓட்ட, வாசிக்கத் தெரிந்த ஏழு பேர் அவன் லோடு ஆட்டோவில் ஏறினார்கள். அமலோற்பவம் ஒன்றின் வாலில் மற்றொன்றின் தலையாக ஏழு கிடார்களையும் வரிசையாகக் கட்டி, கடைசி இரண்டு நுனிகளையும் எதிலும் சேர்க்காமல் ஆட்டோவுக்குப் பின்னால் ரோட்டில் இழுபட விட்டாள். சகாயநாதன் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். மற்ற ஜனமெல்லாம் பின்னால் நடந்தது. யாரும் கோஷம் போடவில்லை. ஏழு பேரும் ஒரே கார்டை, இஸ்திரிப் பெட்டிக்கு வாசிப்பதுபோல் அடித்து வாசித்தார்கள்.

அலுவலக வாசலில் இருந்த தெருவிளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது. பட்டப்பகலில், நடுவெயிலில், ஆட்டோ கடக்கக் கடக்க ஒவ்வொரு கம்பத்திலும் விளக்கு ஏறியது, ஏறியது இறங்கவில்லை. பேக்கரியின் பெயர்ப்பலகை எரிந்தது, நாலைந்து வருஷமாகச் செத்துக் கிடந்த சிக்னல் மூன்று நிறத்திலும் எரிந்தது, விளையாட்டுப் பூங்காவின் ராட்டினம் ஆளில்லாமல் சுற்ற ஆரம்பித்தது, அடுக்குமாடிகளின் வாசலில் வரிசையாக வைத்த கண்ணாடி உருண்டைகள் வெயிலைத் தோற்கடித்துக்கொண்டு எரிந்தன. அலுவலகத்தில் மெயினை இறக்கினார்கள், ஒன்றும் அணையவில்லை. பகலில் எதற்கு விளக்கு எரிகிறது, யார் கொடுக்கிறார்கள் என்று ஊரே கேட்டது.

பூங்கா தாண்டும் வளைவில் தண்டபாணி மோட்டார் சைக்கிளில் வந்து ஆட்டோவை மறித்தார். சட்டை நனைந்திருந்தது. "நிறுத்துங்கம்மா, தயவு பண்ணி நிறுத்துங்க." ஆறு பேர் நிறுத்தினார்கள், எரிந்த விளக்கு ஒன்றும் அணையவில்லை. அமலோற்பவம் நிறுத்தவில்லை. அந்த வளைவில் சகாயநாதனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியிருந்ததால் அவள் தன் கிடாரைத் தனியாகக் கழற்றி மிஷினில் மாட்டி, தடித்த தந்தியை நிதானமாக மீட்டிக்கொண்டிருந்தாள். அப்போது தண்டபாணியின் போன் அடித்தது. வசுமதியின் குரல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கேக்கறாங்க. எங்க இருந்து வருது இந்தக் கரண்டு?"

"டவரடி காலனில இருந்துங்க மேடம்."

"அங்க யாரும் இல்லைன்னீங்களே."

தண்டபாணி ரோட்டில் நின்ற ஜனத்தைப் பார்த்தார். பார்த்து முடிக்க அவருக்கு நேரம் ஆனது.

"இருக்காங்க மேடம்" என்றார். "நாப்பத்தொரு வீடு இருக்குதுங்க."

"அதை எழுதிக் குடுங்க" என்றாள் அமலோற்பவம், தந்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பையில் வேறு காகிதம் இல்லை. ரத்தான நோட்டீஸ் ஒன்றைத் திருப்பி, ஆட்டோவின் பக்கத்தகட்டில் வைத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: டவரடி காலனியில் நாற்பத்தொரு வீடுகளில் மனிதர்கள் வசிக்கிறார்கள். அவர்கள் எதையும் திருடவில்லை. தேதி போட்டார், நேரம் போட்டார், கையெழுத்துப் போட்டுப் பதவியையும் எழுதினார். ரங்காத்தாள் அதை வாங்கி, எழுத்துக்கூட்டி, பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி இரண்டு தடவை படித்தாள்.

தண்டபாணி அமலோற்பவத்திடம், "இப்பவாவது நிறுத்தலாமில்லம்மா?" என்றார்.

சகாயநாதனின் மருந்து தீர இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.